சோழவரம் பார்த்த பெரியவர்கள்



நெய்வேலி நகரியத்தில் என்னிடம் ஓதும் மாணவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்ற ஆண்டு விருந்துக்குப் போயிருந்தேன். உணவு முடிந்து அமர்ந்ததும் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கார்ப் பந்தயத்தில் வந்து நின்றது. வீட்டின் மூத்தவர் அதுவரை வாய் திறக்கவில்லை. எண்பது வயதைத் தாண்டியவர். சுரங்கத்தின் வாகனப் பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்று, இப்போது மகனின் குவார்ட்டர்ஸில் வசிப்பவர். திடீரென்று அவர், "சோழவரத்துல நான் கார்த்திகேயனைப் பார்த்திருக்கேன். அங்க ஓடின ஒரு காருக்கு நான்தான் ஹெட்டைச் சீவிக் கொடுத்தேன்" என்றார்.

கல்லூரியில் படிக்கும் பேரன் கைபேசியைத் தட்டினான். "தாதா, நரேன் கார்த்திகேயன் பிறந்ததே 1977-இல்தான். அவர் பந்தயம் ஓட்ட வந்தப்போ சோழவரத்துல பந்தயமே கிடையாது. சும்மா கதை விடாதீங்க" என்றான். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், எழுந்தார், உள்ளே போய்விட்டார். அதன்பின் சில வாரங்கள் அவர் எவரிடமும் அதிகம் பேசவில்லை என்று மருமகள் வழியாக அறிந்தேன்.

அந்த வாரத்தில்தான் நான் மாணவர்களுக்கு உஸூலுல் ஹதீஸ் பாடத்தில் அறிவிப்பாளர்களின் தகுதிகளைக் கற்பித்துக் கொண்டிருந்தேன் என்பது என்னை உறுத்தியது. ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம்: ஒன்று அதாலத், அதாவது நேர்மை, மற்றொன்று ளப்து, அதாவது நினைவின் துல்லியம். நேர்மையாளரின் நினைவும் பிழைக்கலாம். நினைவு பிழைத்தவரைப் பொய்யர் என்று சொல்லிவிடவும் கூடாது. முதுமையில் நினைவு குழம்புவதை இமாம்கள் 'இக்திலாத்' என்றே தனியாகப் பெயரிட்டு, யார் யார் எப்போது குழம்பினர், அதற்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்றெல்லாம் பிரித்து வைத்தார்கள். அப்துர் ரஸ்ஸாக் அஸ்ஸன்ஆனீ (ரஹ்) அவர்கள் இறுதிக் காலத்தில் பார்வை இழந்தபின் அவரிடம் செவியுற்றவர்களின் அறிவிப்பை எச்சரிக்கையோடு அணுகிய அதே அறிஞர்கள், அவர் முன்னர் எழுதிவைத்த நூலை மனமார ஏற்றார்கள். மார்க்க அறிவிப்பையும் மோட்டார்க் கதையையும் நான் ஒரே தட்டில் வைப்பதாக எவரும் எண்ண வேண்டாம். அந்த அளவுகோலைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் நானே, ஒரு முதியவரின் சொல்லைக் கைபேசியின் ஒரு வரிக்காகச் சிரித்துத் தள்ளினேனே என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே சோழவரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பந்தயத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. நகரியத்தின் அகன்ற சாலைகளில் இரவு பத்து மணிக்கு மேல் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை அலறவிடும்போது ஜன்னலைச் சாத்துகிறவன் நான். அந்தக் கருத்தில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் சோழவரத்தின் வரலாறு நான் எண்ணியதைவிட ஆழமானது.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி உள்ளது சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படையை எதிர்நோக்கித் தமிழகத்தின் பல இடங்களில் விமான ஓடுதளங்கள் அமைக்கப்பட்டன. நமக்கு அருகே உளுந்தூர்ப்பேட்டையிலும் அப்படியொரு ஓடுதளம் உண்டு. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் எஞ்சியது. 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாகி, சோழவரத்து ஓடுதளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தத் தொடங்கியது. ஏறக்குறைய 1980-களின் இறுதி வரை நாட்டின் பெயர்பெற்ற பந்தயக் களம் அதுதான். கல்கத்தாவை ஒட்டிய பாரக்பூரிலும் விமானத் தளத்தில்தான் பந்தயம் நடந்தது. பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே கட்டிய தடம் 1990-இல் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது.

போர் விட்டுச்சென்ற ஓடுதளத்தை வேகம் விரும்பிகள் எடுத்துக்கொண்டது நம் நாட்டில் மட்டுமன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்கிய தளம். உலக ஃபார்முலா ஒன் போட்டித் தொடரின் முதல் பந்தயம் 1950-இல் அங்கேதான் நடந்தது. அமெரிக்காவின் கதை இன்னும் சுவையானது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில், குறிப்பாக முரோக் என்னுமிடத்தில், 1930-களிலேயே எளிய குடும்பத்து இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டையும் கூரையையும் கழற்றி எறிந்து, எஞ்சினை மாற்றியமைத்து ஓட்டிப் பார்த்தனர். 1932-இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினை மலிவான காரில் வைத்தது அவர்களுக்கு வரமாயிற்று. போருக்குப் போய் விமானங்களையும் டாங்கிகளையும் பழுது பார்த்த அதே இளைஞர்கள் 1945-க்குப்பின் திரும்பி வந்தபோது கையில் தொழில் இருந்தது. சந்தையில் படையினர் கழித்துப்போட்ட பொருள்கள் குவிந்திருந்தன. போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் எரிபொருள் தொட்டியை விலைக்கு வாங்கி, அதற்குள் எஞ்சினை வைத்து ஒருவர் 1946-இல் பந்தயக் காரே செய்துவிட்டார். அவர் பெயர் பில் பர்க். இத்தகைய வண்டிகளுக்குத்தான் 'ஹாட் ராட்' என்று பெயர் வந்தது. 1948-இல் அப்பெயரிலேயே ஒரு மாத இதழும் தொடங்கியது. 1950-இல் சாந்தா அனா விமான நிலையத்தில் நேர்கோட்டுப் பந்தயம் முறையாக நடக்கத் தொடங்கியது. பின்னாளில் அங்கே அந்த முதியவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்து கதை கேட்டவர்கள் ஏராளம்.

நம் நாட்டில் ஹாட் ராட் என்ற சொல் புழங்கவில்லை, செயல் புழங்கியது. அதற்குக் காரணம் ஆடம்பரமன்று, பற்றாக்குறை. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணும் வகைகளே சந்தையில் இருந்தன. ஃபியட்டுக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்நிலையில் ஒருவர் வேகமாக ஓட்ட விரும்பினால், இருக்கும் எஞ்சினைத்தான் பிரித்து மாற்ற வேண்டும். படையினர் ஏலம் விட்ட ஜீப்பில் சிம்ப்ஸன் நிறுவனம் தயாரித்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். பழைய ஸ்கூட்டரின் எஞ்சினை மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றி 'மீன்பாடி வண்டி' ஆக்கினார்கள் சென்னையின் உழைப்பாளிகள். அதையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். கார் உள்ளவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். இவை அனைத்திற்கும் உதிரி கொடுத்தது புதுப்பேட்டை. அங்கே கடை வைத்திருந்தவர்களிலும் உள்ளே கருப்பு எண்ணெயில் கை நனைத்தவர்களிலும் நம் சமூகத்தவர் பலர் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் சிலரின் பாட்டனார் அங்கிருந்திருப்பார்.

சோழவரத்தில் ஓட்டியவர்களின் பெயர்கள் ஓரளவு பதிவாகியுள்ளன. விஜய் மல்லையா 1980-களின் தொடக்கத்தில் என்ஸைன் என்னும் ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தின் கரிவர்தன் ஓட்டுநராக மட்டும் நிற்காமல் வண்டிகளைத் தாமே வடிவமைத்தார். மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் அமரும் மலிவான பந்தயக் காரை 1988-இல் உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' எனப்பட்ட அந்த வண்டியில் கற்றுத் தேறிய இளைஞர்களுள் ஒருவரே, 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன். கரிவர்தன் 1995-இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது.

இவர்கள் எல்லாம் வண்டிக்கு உரியவர்கள், ஓட்டியவர்கள். வண்டியைப் பிரித்துப் பூட்டியவர்களின் பெயர் முடிவுப் பட்டியலில் வருவதில்லை. நம் பெரியவரின் பெயரைப் பேரன் கைபேசியில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. கிடைக்கவில்லை என்பதால் அவர் அங்கே இல்லை என்று ஆகிவிடுமா?

ஒரு மாலை அஸர் தொழுகைக்குப்பின் அவரைத் தேடிப் போனேன். முன்வாசலில், நாவல் மரத்தடியில், நாற்காலியில் அமர்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய நெடுநாள் நண்பர். படையில் வாகனப் பழுது பார்க்கும் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று, பின்னர் நெய்வேலியில் காவல் பணி பார்த்தவர். வட்டத்தில் எல்லோருக்கும் அவர் 'ஹவில்தார் ஐயா'. நான் ஸலாம் சொல்லி, "பெரியத்தா, அன்னிக்கு நானும் சிரிச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க. சோழவரத்தைப் பத்தி முழுசாக் கேட்க வந்திருக்கேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹஜ்ரத், பந்தயக் கதை உங்களுக்கு எதுக்கு?" என்றார். பதில் சொல்லாமல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். அன்று அவர் பேசவில்லை. ஹவில்தார் ஐயாதான் பேசினார்.

1971 டிசம்பர்ப் போரில் அவர் கிழக்குப் பகுதியில் இருந்தார். துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி அவர் சொன்னது இரண்டே வாக்கியம். மீதியெல்லாம் ஆறுகள். வங்கத்தில் ஆறும் வாய்க்காலும் இல்லாத மைலே இல்லையாம். லாரியையோ ஜீப்பையோ தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் விசிறி தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடித்து மின்பொறி நின்றுவிடும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றிக் கிரீஸ் பூச வேண்டும். புகைக்குழாயின் வாயை உயர்த்திக் கட்ட வேண்டும். கரையேறியதும் முதல் வேலை பிரேக்கை அழுத்தி அழுத்தி உலர்த்துவது. "டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில சரணடைஞ்சாங்கன்னு செய்தி வந்தப்போ நான் ஒரு சக்திமான் லாரிக்கு அடியில படுத்திருந்தேன் பாய். கீழ இருந்தே கேட்டேன். வெளிய வர முடியலை, கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடிச்சிட்டிருந்தேன்" என்றார். அன்றிரவு வீடு திரும்பும்போது, லாரி ஓட்டிப் பிழைத்து எங்களை வளர்த்த என் அத்தாவிடம் நான் ஒருநாளும் ஒரு வண்டியைப் பற்றிக் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர் மவ்த்தாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இரண்டாம் நாள் பெரியவர் வாய் திறந்தார். சோழவரத்தில் தொடங்கவில்லை, நெய்வேலியில் தொடங்கினார். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய துகள்கள் வந்ததிலிருந்து இந்த ஊரின் கதை தொடங்குகிறது என்பதை நகரியத்துப் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் மின்சாரம் வந்தது. மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியால் எழுந்தது. உலகம் இரண்டாகப் பிளந்து முறைத்துக்கொண்டிருந்த நாளில் இரு முகாம்களின் இயந்திரங்களும் ஒரே வேலிக்குள் நின்றன. 1964-இல் இருபது வயதில் பணிமனைக்குள் நுழைந்த பெரியவருக்கு அந்த அரசியல் தெரியாது. "ஜெர்மன்காரன் போல்ட்டுக்கும் ரஷ்யாக்காரன் போல்ட்டுக்கும் கையில வித்தியாசம் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

நெய்வேலி மண் இயந்திரத்திற்கு எளிதில் இணங்கியதில்லை. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் கடினமானது. சக்கரத்தின் பற்களைத் தேய்த்தது. வெடிவைத்துத் தளர்த்த வேண்டியிருந்தது. நிலக்கரிக்குக் கீழேயோ மேல்நோக்கி உந்தும் நீரூற்று. அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். உதிரிப் பாகம் கடல் கடந்து வரும்வரை வேலை நிற்கக்கூடாது என்பதால், உடைந்ததைப் பற்றவைப்பது, கடைந்தெடுப்பது, வேறொன்றின் உறுப்பை இதற்குப் பொருந்தச் செய்வது ஆகியவற்றைப் பணிமனையின் இளைஞர்கள் கற்றார்கள். அந்தக் கைதான் வேலை நேரத்திற்குப் பின் வெளியாரின் கார்களையும் தொட்டது.

மூன்றாம் நாள்தான் ஹெரால்டு வந்தது. கடலூரில் ஒரு மருத்துவரின் மகன், பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கிச் சோழவரத்தில் ஓட்ட ஆசைப்பட்டார். 948 சிசி எஞ்சின். எஞ்சினின் ஹெட்டை அடிப்பக்கம் சீவினால் எரிகலத்தின் கொள்ளளவு குறையும். காற்றும் பெட்ரோலும் அதிக நெருக்கத்தில் அழுத்தப்படும். அதே பெட்ரோலுக்கு உந்துவிசை கூடும். அளவு மீறிச் சீவினால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் பொசுங்கும். எவ்வளவு சீவுவது? அளக்கக் கருவி இல்லை. மருத்துவரின் வீட்டிலிருந்து கண்ணாடி சிரிஞ்சு ஒன்றை வாங்கி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளைக் கிரீஸால் அடைத்து, மண்ணெண்ணெயைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு நான்கு எரிகலங்களின் கொள்ளளவையும் தனித்தனியே கணக்கிட்டாராம் பெரியவர். பின்பு கடலூரில் ஒரு பட்டறையில் சீவினார்கள். சீவியபின் ஹெட் தாழ்ந்துவிடும் அல்லவா; அதற்கு ஈடாக ராக்கர் தாங்கிகளின் அடியில் தகடு வைத்து உயர்த்தினார். இதை அவர் சொல்லும்போது விரல்கள் காற்றில் அந்தத் தகட்டைப் பிடித்திருந்தன. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர்.

சனிக்கிழமை இரவு பஸ் பிடித்துப் பாரிமுனையில் இறங்கி, செங்குன்றம் வழியாகக் காலையில் சோழவரம். வெயிலுக்கு ஒதுங்க மரமில்லை, ஓரிரு பனை. வைக்கோல் கட்டுகளும் காலி டின்களும்தான் எல்லை. பெருங்கூட்டம். ஒரு பனையின் நிழலில் ளுஹர் தொழுததாகவும், தொழுது முடிப்பதற்குள் நிழல் நகர்ந்துவிட்டதாகவும் சொன்னார். அங்கே கூட்டத்தில் ஒருவர் கைகாட்டி, அதோ கார்த்திகேயன் என்று சொன்னதால் எட்டி நின்று பார்த்தார்.

"எந்தக் கார்த்திகேயன் பெரியத்தா?" என்று கேட்டேன். வீட்டில் அதுவரை எவரும் கேட்காத கேள்வி இதுதான். "கோயம்புத்தூர்க்காரரு. ராலி ஓட்டுவாரே, அவரு. இப்ப டிவியில வந்த பையன் இல்லை, அவங்க அத்தா" என்றார். நரேனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன், தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். நாம் அறிந்த மகனின் பெயருக்குப் பின்னால் நிற்பது தந்தையின் பெயர். ஒரே பெயரில் இருவர் இருக்கும்போது எவர் எவர் என்று பிரித்தறிவதற்கென்றே நம் அறிஞர்கள் ஒரு கலையை வளர்த்தார்கள். கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அதில் தனி நூலே எழுதினார். பிழை அறிவித்தவரிடம் இல்லை. கேட்ட எங்களிடம் இருந்தது.

எனினும் எல்லாமே சரியாக அமைந்துவிட்டது என்று எழுதினால் நான் நேர்மையாளன் ஆகமாட்டேன். அதே பயணத்தில் மாருதி கார்கள் ஓடியதையும் கண்டதாகப் பெரியவர் உறுதியாகச் சொன்னார். ஹெரால்டு ஓடியது 1970-களில் என்கிறார். மாருதி 800 சாலைக்கு வந்ததே 1983 டிசம்பரில். இது பொருந்தாது. மெல்லக் கேட்டதில், பின்னாளில் மகனை அழைத்துக்கொண்டு இன்னொரு முறையும் போயிருக்கிறார் என்று தெரிந்தது. இரு பயணங்கள் அவர் நினைவில் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டன. அதை நோட்டில் அப்படியே குறித்தேன். மகனிடம் கேட்டபோது, "ஆமா, சின்ன வயசுல ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க. வெயில்ல அழுதேன்" என்றார். அவரும் இத்தனை நாள் அதைச் சொல்லவில்லை.

ஹெரால்டு என்னவாயிற்று என்று நான் இரண்டு முறை கேட்டும் பெரியவர் பேச்சை மாற்றினார். ஹவில்தார் ஐயா, "சொல்லிடுங்க பாய்" என்றார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். மூன்றாவது சுற்றில் வெள்ளைப் புகை எழும்ப வண்டி நின்றது. ஹெட் கேஸ்கெட் கிழிந்துவிட்டது. ஹெட் போல்ட்டுகளைக் குறித்த அளவு விசையோடு முறுக்குவதற்குரிய டார்க் ரெஞ்ச் பணிமனையில் இருந்தது; நிறுவனத்தின் பொருளை வெளி வேலைக்கு எடுத்துவர அவர் மனம் ஒப்பவில்லை. கைக்கணக்கில் முறுக்கினார். "என் கையாலதான் போச்சு ஹஜ்ரத். அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லலை. டீ வாங்கிக் கொடுத்தாரு. அதுதான் தாங்க முடியலை" என்றார். ஐம்பது ஆண்டுகளாக அவர் இந்தக் கதையைப் பாதியிலேயே நிறுத்தி வந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. கதை விடுகிறவர் தம் வண்டியை வெற்றி பெறச் செய்வார். மூன்றாவது சுற்றில் நிறுத்தமாட்டார். அமானிதத்தைப் பேணியதால் ஒரு பந்தயத்தை இழந்த இந்த மனிதரைத்தான் நாங்கள் பொய்யர் என்று சிரித்தோம்.

ஹவில்தார் ஐயாவின் சாட்சியமும் உண்டு. விடுமுறையில் அண்ணன் வீட்டுக்கு நெய்வேலி வந்திருந்தபோது, செய்தித்தாள் விரித்த தரையில் அந்த ஹெட் கவிழ்ந்து கிடந்ததையும், பெரியவர் சிரிஞ்சோடு குனிந்திருந்ததையும் தாம் கண்டதாகச் சொன்னார். "யாருக்கோ ஊசி போடுறாருன்னு நினைச்சேன் பாய்" என்றார். ஆண்டு மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஹவில்தார் ஐயா 1976 என்கிறார். பெரியவர் 1978 என்கிறார். நான்கு மாலைகள் இதே வாக்குவாதம். எமர்ஜென்சிக்கு முன்னா பின்னா என்று தொடங்கி, யாருடைய தங்கை திருமணம் எப்போது என்பதில் போய் முடியும். மறுநாள் மீண்டும் தொடங்கும்.

ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு செய்தியை நேரில் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாமுக்குச் சென்று அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாசலில் நின்றார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. எனக்கு மிதிவண்டியில் ஏழு நிமிடம்.

பேரனிடம் என் நோட்டைக் கொடுத்தேன். கார்த்திகேயன் பகுதியைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தான். மறுநாள் நாவல் மரத்தடியில் நான்காவதாக ஒரு நாற்காலி இருந்தது. கைபேசியைக் கொண்டுவந்து பதிவு செய்கிறான். எஞ்சின் விவரங்களில் நான் கேட்கத் தெரியாத கேள்விகளை அவன் கேட்கிறான். பெரியவருக்கு என்னிடம் பேசுவதைவிட அவனிடம் பேசுவதில்தான் இப்போது ஆர்வம்.

சென்ற வாரம் எழுதியதையெல்லாம் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆண்டு என்ற இடத்தில் 1976 என்று ஹவில்தார் ஐயா பெயரிலும், 1978 என்று பெரியவர் பெயரிலும் இரண்டையும் எழுதியிருந்தேன். பெரியவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வருடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்டை இரண்டு மில்லிமீட்டர் சீவியதாக நான் வாசித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒன்றரை, ஹஜ்ரத். ரெண்டு மில்லி சீவியிருந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சிருக்கும். அதை அடிச்சுட்டு ஒன்றரைன்னு எழுதுங்க."